ஏழாம் எண் நுண்ணோக்கி

சான்றிதழ் தயார்.
சனிக்கிழமையே அச்செடுத்துவிட்டேன்.
மா. திம்மராஜ், பன்னிரண்டாம் வகுப்பு, உயிரியல் பிரிவு.
நடத்தை: நன்று.
முத்திரை மட்டும் பாக்கி.
முத்திரை தாளாளர் மேசை இழுப்பறையில்.
இழுப்பறைச் சாவி
ஆறாயிரத்து இருநூறு ரூபாய்க்கு அந்தப் பக்கம்.

சந்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார் அவன் அம்மா,
மாங்கூழ் ஆலையில் இரவு ஷிஃப்ட் முடித்து
அப்படியே.
மாம்பால் பட்டுக் கறுத்த விரல்கள்
ஆயிரத்து எண்ணூறை இரண்டு தடவை எண்ணி
கவுண்டரில் வைக்கின்றன.
"மீதிய சீசன் முடியறதுக்குள்ள குடுத்துடறேன் மேடம்.
வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் காலேஜ்ல சீட்டு நிக்குமாம்."

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.
பாதித் தொகைக்கு ரசீது போட
இந்த மென்பொருளில் வழியில்லை.
இதைச் சொல்லும்போது
திரையைப் பார்த்துக்கொள்வது என் பழக்கம்.

பையன் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தான்:
"நான் தொடறதுக்கு முன்னாடியே கீறல் இருந்துச்சு."
எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள்.

எல்லாரும்.

பொருட்சேதப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
இரண்டு வருடம் முன்பு
நுண்ணோக்கி எண் ஏழு, லென்ஸ் விரிசல்,
ச. ஆயிஷா பர்வீன், வசூலிக்கப்பட்டது.
அதற்கும் மூன்று வருடம் முன்பு
நுண்ணோக்கி எண் ஏழு, லென்ஸ் விரிசல்,
கோ. நஞ்சுண்டன், வசூலிக்கப்பட்டது.
ழகரத்தின் வாலை இப்படி இழுத்துச் சுழிப்பது
இந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

உட்காருங்க என்றேன்.
ஆய்வகச் சாவி என்னிடம் உண்டு.
செய்முறைத் தேர்வு முடிந்தும் யாரும் எடுக்காத
வெங்காயத் தோல் ஏழாம் எண்ணுக்கு அடியிலேயே காய்ந்திருந்தது.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.
செங்கல் அடுக்கியதுபோல அறைகள்,
அத்தனைக்கும் குறுக்கே ஒரு கோடு.
இரண்டு பேர் காசு கொடுத்த லென்ஸ்
இதற்குள் இல்லை.

திரும்பி வந்து
பதிவேட்டை விரித்தபடி கவுண்டரில் வைத்தேன்,
எழுத்து அவர்கள் பக்கம் நேராக இருக்கும்படி.
பழைய பக்கத்துக்கு அடையாளமாக ஒரு கார்பன் தாள்.
"தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றேன்.
யாரும் கேட்கவில்லை.

என் மகள் இங்கேதான் எட்டாம் வகுப்பு, அரைக் கட்டணம்.
பதினாலாம் தேதி வீட்டுத் தவணை.
குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது.
டம்ளர் நிரம்பும்வரை இதையெல்லாம் நினைக்க
நேரம் இருந்தது.

வந்தபோது
பதிவேடு என் பக்கமாகத் திரும்பியிருந்தது,
கார்பன் தாள் வைத்த இடத்திலேயே.
பையன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான்.
ஆயிரத்து எண்ணூறைக் காணோம்.
டிபன் பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு
அந்த அம்மா கேட்டார்:
"சார் எத்தன மணிக்கு வருவாரு?"

பத்தரை ஆகும் என்றேன்.

"இருக்கோம்."