வெங்காயத் தோல்

பத்தொன்பது பிள்ளைகள், நுண்ணோக்கி ஒன்று.
சிற்றுண்டிச்சாலையில் கேட்டு வாங்கிய வெங்காயம்.
உரித்த தோலில் அயோடின் சொட்டியதும்
லோஷினி கத்தினாள்:
"டீச்சர், லயத்து வீடுங்க!"

சரியென்று அதையே பிடித்துக்கொண்டேன்.
ஒவ்வொரு வீடும் ஓர் உயிரணு.
இது சுவர். உள்ளே கூழ்.
ஓரமாய் ஒட்டிய பழுப்புப் புள்ளி உட்கரு,
பெரட்டுக்கு ஆள் பிரிக்கும் ஆபீஸ் மாதிரி.

"ஆபீஸைத்தான் போன மாசமே பூட்டிட்டாங்களே"
கண்ணை எடுக்காமல் சொன்னான் கிஷோதரன்.
"அப்ப யாரு சொல்லி இதெல்லாம் நிக்குது?"

பீடோர் சாலையில் செம்பனைக்குலை லாரி
மேசையைக் குலுக்கிவிட்டுப் போனது.
படம் கலங்கிற்று.
திருகைத் திருப்பினேன்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும்.

பின்வரிசையில் யாரோ
மிச்ச வெங்காயத்தைத்
தின்றுவிட்டிருந்தார்கள்.