நொச்சி சூடி, வூப்பர்டால்

என் நகரங்களுக்கு நான் பெயர் தேடுவதில்லை.
தொங்குரயில் நிற்கிற வரிசையிலேயே வைத்துவிடுவேன்:
ஃபோவிங்கல் தலைநகர், ப்ரூக் இரண்டாவது,
ஹாமர்ஸ்டைன், இரும்பு கிடைக்கிற மலையடி.
இருபது நிறுத்தமும் ஒருநாளும் தாண்டியதில்லை.
ஐந்தாறு ஊரோடு மதிலுக்குள் அடங்கிவிடுகிற அரசி.

வெள்ளி இரவு. மூன்று மடிக்கணினி, ஒரே மேசை.
பத்தாவது முறைக்குள்
நிரோஜன் குதிரையோடு வந்து நிற்பான்.
வெட்சிக்காரன்.
மாடு மேய்கிற இடமெல்லாம் அவன் எல்லை.
களஞ்சியம் கட்டமாட்டான், நூலகம் கட்டமாட்டான்,
அடுத்தவள் கட்டி முடிக்கட்டும் என்று
வேலியோரம் பார்த்திருப்பான்.
இவன்தான்
விடிகாலை மூன்று மணிக்கு, ஒரு வண்டியும் இல்லாத தெருவில்
சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை நிற்கிறவன்,
கடை ரசீதை வீட்டுக்கு வந்தும் ஒருதரம் கூட்டிப் பார்க்கிறவன்.

ஹென்ரிக்கே வேறு ரகம்.
பகலில் நீதிமன்ற எழுத்தர்.
இரவில் எங்கள் இருவருக்கும் சமாதானம் எழுதித் தருவாள்,
மை காயுமுன் இருவருக்கும் குதிரை விற்பாள்.
அவள் சூடுகிற பூவுக்கு
இலக்கணத்தில் பெயரில்லை.

நான் நொச்சி.
மதில், அகழி, மதிலுக்கு மேலே மதில்.
தானியக் கணக்கைப் பார்த்தால்தான் மூச்சு வரும்.
வெளியே பார்த்தால் நானொரு கதவில்லாத வீடு.
வாடகை ஒப்பந்தத்தை வாசிக்காமல் கையெழுத்திட்டவள்.
கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்துவிட்டுத்
திருப்பிக் கேட்க வெட்கப்பட்டவள்.
கல்யாணமும் அப்படித்தான்,
சின்ன எழுத்தை வாசிக்கவில்லை.

போன வெள்ளி நல்ல மழை.
நிரோஜன் குதிரையில் வரவில்லை.
நூற்றெண்பதாவது முறை வரை
எல்லையில் ஒரு தூசுகூடக் கிளம்பவில்லை.
பிறகு
பீரங்கி.
நூலகம் கட்டியிருக்கிறான், பாவி!
திருடன் உட்கார்ந்து படித்திருக்கிறான்.
வெடியுப்பு விற்றது யார் என்று நான் கேட்கவில்லை,
ஹென்ரிக்கே என் முகம் பாராமல்
தேநீரில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள்.

ப்ரூக் போனது. ஹாமர்ஸ்டைன் போனது.
ஃபோவிங்கலில் மதில் இடிய இடிய
களஞ்சியம் நிறைந்துகொண்டேயிருந்தது.
இருநூறு ஆண்டுத் தானியம்.
ஒரு பஞ்சமும் வராத ஊரில்
பஞ்சத்துக்கென்று சேர்த்தது.
அவன் குதிரைகள் தின்றன.

மடிக்கணினியை மூடப்போனேன்.
திரை என்னை வெளியே அனுப்பவில்லை.
வரைபடத்தின் உச்சியில், பனிக்கட்டிமேல்,
ஒரு புள்ளி மினுங்கியது.
முதல் முறையில் நான் அனுப்பிய வேவுக்காரன்.
கையில் ஒரு தடி, கூட ஒரு நாய்.
‘உறங்கு’ என்று அமத்திவிட்டு மறந்தே போயிருந்தேன்.
ஓர் ஆள் மிச்சமிருந்தால்
ஓர் அரசு மிச்சமாம். ஆட்டத்தின் விதி.

பதினெட்டு நகரம், ஆலைப் புகை, நீராவிக் கப்பல்
எல்லாமே காத்திருந்தன,
என் ஒற்றை ஆள் ஒரு கட்டம் நகரும்வரை.
நான் அவசரப்படவில்லை.
கறுப்பு விலகி ஒரு வளைகுடா.
இரண்டு திமிங்கிலம்.
யாரும் பெயர் வைக்காத ஓர் ஆறு.
இருபது நிறுத்தத்தில் மிச்சமிருந்த பெயர்களை
ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன்,
ஊரே இல்லாமல்.

“முடியுங்கோவன் அக்கா,” என்று கொட்டாவி விட்டான் நிரோஜன்,
என்னைப் பிடிக்கக் கப்பல் கட்டியபடி.
ஹென்ரிக்கே கேட்காமலே ஒரு சமாதானம் நீட்டினாள்.
விலை, நான் கண்ட வரைபடம் முழுவதும்.
சன்னலுக்கு வெளியே ஆற்றின்மேல்
முதல் தொங்குரயில் விளக்கெரிய வெறுமையாகப் போனது.

பொறுங்கள்,
வாசித்துக்கொண்டிருக்கிறேன்.