இடது பக்கத்து இரைச்சல்

வால்யூம் பாதியைத் தாண்டினால்
இடது பெட்டி கிழிகிறது.
தகரத்தின் மேல் மணலை இழுத்த மாதிரி.
அதுவும் 'ச' வரும் இடங்களில்.
"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்கிறாள் சென்னம்மா,
பூண்டு உரித்தபடி.

பழையபேட்டை இம்தியாஸ் கடையில்
தவணைக்கு அசெம்பிள் பண்ணியது.
ஸ்க்ரூ டிரைவருக்காக டப்பாவைத் துழாவி
மஞ்சள் கவர் ஒன்றை ஒதுக்கித் தள்ளி
மூடியைக் கழற்றினால்
உள்ளே வெளுத்த பொடி.
என் சட்டையோடு வீட்டுக்கு வந்த கல்.
ஜெகதேவி மலையில் ஒரு சிட்டிகை
ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் குடியிருக்கிறது.

பிரஷ்ஷால் தட்டினேன்.
கண்டென்சர் தலை உப்பவில்லை.
ஈயம் விட்டுப்போன ஒரு கால் ஆடியது.
பற்றவைத்ததும்
நிஜமாகவே ஒரு கரகரப்பு ஒழிந்தது.
சந்தோஷத்தில் டீ கேட்டேன்.
டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது,
பெரியது போய்ச் சின்னது மிச்சமிருக்கிறது.

இம்தியாஸ் போனில் சொன்னான்:
"மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்கண்ணா.
நோவு எதுகூட நடந்து போவுதோ
அதான் கெட்டது."

ஸ்பீக்கர் ஒயரை மாற்றினேன்.
இரைச்சல் நடக்கவில்லை.
அப்போ பெட்டிதான்.
கூம்பை நாலு விரலால் பையப் பைய அழுத்தினேன்,
உரசவில்லை.
டார்ச் செல்லைத் தொட்டதும்
டுப் என்று சுத்தமாக எழுந்து உட்கார்ந்தது.
இருந்தாலும் பெட்டிகளையே தூக்கி இடம் மாற்றினேன்.
போன் பின்னில் சிவப்பை வெள்ளையிலும்
வெள்ளையைச் சிவப்பிலும்.
ஷோகேஸ் கண்ணாடி அதிருதோ என்று
பையனின் கபடிக் கோப்பைகளை
ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினேன்.

இடதுதான்.
இடதேதான்.

இந்த வீட்டில் இன்னும் மாற்றாதது
ஒன்றே ஒன்று.
நாற்காலியைத் திருப்பி
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

இரைச்சல் எழுந்து
அறையைக் கடந்து போய்
வலது பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டது.

பதினோரு வருஷம்.
ஆறடி பிளேடு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று
யாரும் கேட்டதில்லை, நானும்.
டப்பாவுக்குள் காலையிலிருந்து
நாலு தடவை ஒதுக்கித் தள்ளிய மஞ்சள் கவர்,
கம்பெனி கொடுத்த காதடைப்பான்,
இன்னும் பிரிக்கவில்லை.

"இதென்ன, செவுத்தப் பாத்து?"
பூண்டு வாசனை பக்கத்தில் வந்து நின்றது.
"சரியாயிடுச்சா?"

முதல் எழுத்து லேசாகக் கிழிந்திருந்தது.
அவள் என் இடப்பக்கம் நின்றிருந்தாள்.

"ம்" என்றேன்.
மூடியை வைத்து முறுக்கினேன்.
ஸ்க்ரூ மூன்றுதான் இருக்கிறது.
நாலாவது எங்கேயோ உருண்டிருக்கிறது,
விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.