மஞ்சூர் ஆய்வகம், குடற்புழு நீக்க வாரம்

கண்ணாடித் துண்டில் ஒரு முட்டை.
நிறமற்ற மெல்லிய ஓடு, உள்ளே நான்கு செல்கள்.
கொக்கிப்புழு, எழுதுகிறேன்.
குணதாசன், வயது ஏழு, டான்டீ லைன்.
காலில் செருப்பில்லை.
சர்க்கரை தொண்ணூற்றிரண்டு.

என் வீட்டில் புழுவே கிடையாது.
தண்ணீரைத் தளதளக்கக் காய்ச்சினேன்,
கேரட்டை மூன்று முறை கழுவினேன்,
லவீனாவை மண்ணில் இறக்கிவிட்டதே இல்லை.
அவளுக்கும் ஏழு வயதிருக்கும்போதுதான்
உடம்பின் காவல்காரர்களே
கணையத்துக்குள் புகுந்து
இன்சுலின் அடுப்புகளை ஒவ்வொன்றாய் இடித்தார்கள்.

எலிகளில் பார்த்திருக்கிறார்களாம்:
வாடகை தராத புழு
தான் பிழைக்க வேண்டி
சண்டை விலக்கும் செல்களைப் பெருக்குகிறது;
அந்தச் சமாதானத்தில்
கணையமும் தப்பிவிடுகிறது.
எலிகளில்தான்.
மருத்துவர் இரண்டு முறை சொன்னார்,
என் முகத்தைப் பார்த்து.

நேற்று உறைபனி.
சமவெளியில் இன்சுலினைக் குளிர வைப்பார்கள்;
நான் அது உறைந்துவிடாதிருக்க
கம்பளிச் சாக்ஸுக்குள் திணித்து
தலையணை அடியில் வைத்துப் படுத்தேன்.

காலையில் குணதாசன் வந்தான்.
கீழிமையை இழுத்துப் பார்த்தேன்: வெளுப்பு,
பழைய சுண்ணாம்புச் சுவர்போல.
மாத்திரையை மென்று தின்னச் சொன்னேன்.
தின்றுவிட்டு
வாயை அகலத் திறந்து காட்டினான்.

தேவைக்குமேல் ஒரு நொடி
பார்த்துக்கொண்டே நின்றேன்.