மூன்றாம் நாள் ரத்தம்

பீரியட்ஸ் வந்த மூன்றாம் நாள்,
காலை ஏழரைக்குள் வரச் சொல்லியிருந்தார்கள்.
சர்க்கரையும் பார்ப்பதால்
டீ கூடக் கிடையாது.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
மணலிப் பக்கமிருந்து எண்ணெய் டாங்கர்கள்
வந்துகொண்டே இருந்தன.
முப்பத்தெட்டு வரை எண்ணினேன்.
பக்கத்து ஆட்டோக்காரர்
இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.
வடகறி வாசனை.
முப்பத்தொன்பதா, நாற்பதா,
தவறிப்போனது.

மாடியில் லேப். கீழே செல்போன் கவர் கடை.
நஸ்ரீன் என்று பேட்ஜ் குத்தியிருந்த பெண்
படிவம் நிரப்பிக்கொண்டே கேட்டாள்.
"கல்யாணமாயி?"
"ரெண்டு வருஷம்."
"எவ்ளோ நாளா ட்ரை பண்றீங்க?"
"இன்னும் பண்ணவே இல்ல."

பேனா நின்றது.
அந்தக் கட்டத்தில் எழுத
அவளிடம் ஒரு சொல் இல்லை.
"அப்போ எதுக்குக்கா டெஸ்ட்டு?"

நான் எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் யார்டில் எடை மேடை பார்க்கிறவள்.
முதலில் வெறும் வண்டி ஏறும்.
பிறகுதான் சரக்கு.
வெறும் எடை தெரியாமல்
யாருக்கும் சீட்டுப் போட்டுக் கொடுத்ததில்லை.
இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை.
"முப்பத்துமூணு ஆவுதும்மா" என்றேன்.
கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள்.

இடது கையில் நரம்பு அகப்படவில்லை.
வலது கையில் கிடைத்தது.
மஞ்சள் மூடி, சாம்பல் மூடி, கத்தரிப்பூ மூடி.
ஒவ்வொன்றிலும் என் பெயரைச் சுற்றி ஒட்டினாள்.
உள்ளங்காலில் சில்லிட்டது,
வேறொன்றும் இல்லை.
அங்கே ஒரு ரத்தம் தானாகப் போய்க்கொண்டிருக்க
இங்கே காசு கொடுத்து இன்னொன்று.

முந்தின இரவு கஜபதி கேட்டான்,
"எனக்கும் எதுனா டெஸ்ட்டு இருக்கா?"
இருக்கு என்றேன்.
அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்தது.
குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.
இரண்டு வருஷத்தில்
அவன் குடம் தூக்கி நான் பார்த்தது அன்றுதான்.

ஸ்கேனில்
தோசை வேகும்போது விழும் ஓட்டைகள் மாதிரி
கறுப்பாகச் சில.
"ரைட்ல நாலு. லெஃப்ட்ல மூணு,"
திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த யாருக்கோ
டாக்டர் எவாஞ்சலின் சொல்லிக்கொண்டே போனார்,
ஓட்டலில் ஆர்டர் சொல்வதுபோல.

நாலு நாள் கழித்து ரிப்போர்ட்.
தைராய்டு சரி. ப்ரோலாக்டின் சரி.
ஏஎம்எச் ஒன்று புள்ளி ஒன்று.
"உங்க வயசுக்குக் கொஞ்சம் கம்மிதான்.
ஆனா இது ஸ்டாக் எவ்ளோன்னு மட்டும்தான் சொல்லும்.
நடக்குமா நடக்காதான்னு சொல்லாது."
சரக்கு எவ்வளவு என்று தெரிந்தால்
போய்ச் சேருமா என்று தெரியாது.
அது எனக்கும் தெரியும் டாக்டர்,
தினம் எண்பது வண்டி அனுப்புகிறேன்.

கடைசிப் பக்கத்தில், ஒரே வரி:
ருபெல்லா, எதிர்ப்பு இல்லை.
பள்ளிக்கூடத்தில் ஊசி போட்ட அன்று
அம்மைக்குப் பயந்தா ஊசிக்குப் பயந்தா,
லீவு போட்டிருந்தேன் போலிருக்கிறது.
"இப்ப போட்டுக்கோங்க.
ஒரு மாசம் கழிச்சு ஆரம்பிக்கலாம்."

இரண்டு வருஷம்
நாங்களாகத் தள்ளிப்போட்டோம்,
சீட்டுப் பணத்துக்கு, வாடகை அட்வான்ஸுக்கு,
அவன் தங்கை கல்யாணத்துக்கு.
ஒன்றும் உறைக்கவில்லை.
வேறொருவர் சொன்ன இந்த ஒரு மாதம்
தோள்பட்டையில் ஊசி போட்ட இடமாய்
தொட்டால் கடுத்தது.

அன்று இரவு ஷிப்ட்.
பதினொன்றரைக்குக் கடைசி ட்ரெய்லர் போனது.
அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்று,
மேசைக் கண்ணாடியில் பொடிப்பொடியாய்ச் சாம்பல்.
யாரும் இல்லை.
போய் மேடை நடுவில் நின்றேன்,
அறுபது டன் தாங்கும் இரும்பின் மேல்
ஹவாய் செருப்போடு.

கேபின் கண்ணாடி வழியாகச் சிவப்பு எழுத்தில் ஐம்பது.
என் எடை ஐம்பத்தொன்று.
பத்துப் பத்தாகத்தான் இதற்கு எண்ணத் தெரியும்.
இன்னும் மூன்று கிலோ கூடினாலும்
ஐம்பது என்றே சொல்லும்.

இறங்கினேன்.
சுழியத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தேன், பழக்கம்.
கேட்டில் ஹாரன்.
வெறும் வண்டி.