மூன்றாம் நபர்

கடலூர்க்காரனிடம் ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டால்
கிழக்கே கை நீட்டுவான்.
நானும் அப்படித்தான் நீட்டினேன்
அமலோற்பவம் எங்கள் வாசலுக்கு வந்த தை மாதத்தில்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினாள்.
வீட்டுக்கு ஒரு பாலிசி.
வருஷத்துக்கு ஆயிரத்து இருநூற்று அறுபது.
புயலுக்கு உண்டு, வெள்ளத்துக்கு உண்டு,
திருட்டுக்கு, தீக்கு.
"தீயா?" சிரித்துவிட்டேன்.
"தண்ணியில செத்துப் பொழைச்ச ஊரும்மா இது."
தானே அடித்த ராத்திரி ஓடு பறந்த கதையைச் சொன்னேன்.
பதினைந்தாம் வருஷ மழையில் ஓடை உள்ளே வந்து
அரிசிப் பானை அறைக்கு அறை மிதந்த கதையை.
வட்டிக்கு வாங்கி
அடித்தளத்தை மூன்றடி உயர்த்தியதைத் தட்டிக் காட்டினேன்.
"இதுதாம்மா என் பாலிசி."

அவள் லோடு ஆட்டோவைப் பார்த்தாள்.
"அதுக்கு மட்டும் கட்டுறீங்களே."
அது வேறு.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ் கேட்பார்.
வீட்டை ஓரங்கட்டி
யார் பேப்பர் கேட்கப்போகிறார்கள்?

அக்னி நட்சத்திரம் முடிந்து நாலாம் நாள்.
மேல்காற்று.
கேப்பர் மலைக்குப் பின்னால் கோதண்டத்தின் தோப்பில்
முந்திரிச் சருகு முழங்கால் மட்டும் கிடந்தது.
பீடியா, உரசிய ஒயரா, யாரோ கூட்டிக் கொளுத்திய குப்பையா,
ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
நான் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன்.
நீலாவதி போனில் முதலில் சொன்னது
"பிள்ளைங்க என்கிட்ட இருக்கு."
பிறகு சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை.

மலை ஏறும்போதே கொட்டை எண்ணெய்ப் புகை,
கண்ணைத் திறக்கவிடாத காறல்.
தீயணைப்பு வண்டி இரண்டு வந்ததாம்.
சந்தில் நுழையவில்லையாம்.

இப்போது நிற்பது
அந்த மூன்றடி.
படி ஏறினால் நேரே வானம்.
கிரைண்டர் கல் மட்டும்
உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

விஏஓ பேனாவைத் திறந்தபடி கேட்டார்:
"முழுசா, பகுதியா?"
அடித்தளத்தைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.
நீலாவதி அவரையே பார்த்தாள்.
'முழு' என்று எழுதினார். நல்ல மனிதர்.
அரிசி வரும், ஒரு வேட்டி, ஒரு சேலை,
ஒரு காசோலையும் வரும்.
முகவரிச் சான்று மட்டும் வேண்டும்.

பத்திரம், ரேஷன் கார்டு, ஆதார், மூத்தவனின் டிசி
எல்லாம் ஒரே டிரங்குப் பெட்டியில்.
தண்ணீர் ஏறினால் எட்டாதபடி
பரண்மேல் வைத்திருந்தேன்.
முதலில் எரிந்தது கூரை.

மிஞ்சிய காகிதம் ஒன்றே ஒன்று.
ஆட்டோவில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில்,
பிளாஸ்டிக் உறைக்குள்:
மூன்றாம் நபர் காப்பீடு.
என் வண்டி மோதி யாருக்காவது ஏதாவது ஆனால்
அவருக்குக் கொடுப்பார்கள்.
எட்டாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது,
தன்மை, முன்னிலை, படர்க்கை.
முகம் தெரியாத அத்தனை பேருக்காகவும்
ஒரு வருஷம் தவறாமல் கட்டியிருக்கிறேன்.
படர்க்கைக்கு உண்டு.
தன்மைக்குத்தான் இல்லை.

அமலோற்பவம் நேற்று வந்தாள்.
ஹெல்மெட் கையில் இருந்தது.
இரண்டு பாய், ஒரு குக்கர்,
அவள் மகனுக்குப் பத்தாமல் போன சட்டைகள்.
பாலிசி என்ற சொல் வந்துவிடுமோ என்று
அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வரவில்லை.
போகும்போது நீலாவதியிடம் மட்டும்
"நான் இன்னொரு தடவை வந்து சொல்லியிருக்கணும்க்கா"
என்றாளாம்.

தாலுகா அலுவலகத்தில் அந்தக் காகிதத்தை நீட்டினேன்.
எழுத்தர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.
உரிமையாளர் பெயர். தகப்பனார் பெயர்.
கதவு எண் 4/117, மேட்டுத் தெரு.
"இந்த விலாசத்துலதானே இருக்கீங்க?"

எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது.
ஆமாம் என்றேன்.