கைக்கணக்கு

மண்டியிட்ட பிள்ளை ஒன்றுக்குப் பதினைந்து ஷில்லிங்.
கையில் மண்டையோடு வேண்டுமென்றால்
மேலே இரண்டு.
கல்தச்சன் ஓபடையா
தொப்பியைக் கழற்றாமலே விலை சொன்னான்.
எழுதிக்கொண்டேன்:
பிள்ளைகள் எட்டு, மண்டையோடு ஐந்து.
மூன்று லெட்டிஸ் பெற்றவை, இரண்டு என்னுடையவை.
பெயர் வைப்பதற்குள் போனதற்கும்
அதே இரண்டு ஷில்லிங்தான்.

உயிரோடிருக்கும்போதே
தன் கல்லறையைக் கட்டத் தொடங்கியவர்
சர் பெவில் ஆஷ்கோம், பாரனெட்.
நடுவில் அவர், கவசத்தோடு.
போர்க்களம் கண்டறியாத கவசம்.
வலப்பக்கம் முதல் மனைவி லெட்டிஸ்.
இடப்பக்கம் நான், தாமசின்.
நாட்டிங்ஹாமிலிருந்து வந்த வெண்கல் போதவில்லையென்று
என்னை ஒரு சாண் குறைத்துவிட்டார்கள்.

அந்த 'சர்' வாங்கியதுதான்.
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து பவுண்டு.
அயர்லாந்தில் முப்பது சிப்பாய்களுக்கு
மூன்றாண்டுச் சோறு என்று கணக்கு.
மூன்று தவணை.
மூன்றாவதை அவர் கட்டவே இல்லை.
ஆனால் கேடயத்தில் சிவந்த கை மட்டும்
முதல் தவணையன்றே ஏறிவிட்டது.
கதவில், வண்டியில், வெள்ளிக் கரண்டியில்,
என் கட்டில் திரையில்கூட
மணிக்கட்டோடு அறுபட்ட ஒரு கை.

பாராளுமன்றத்தில் இரண்டு முறை பேசினார்.
ஒருமுறை கப்பல் வரிக்கு எதிராக.
இன்னொருமுறை சன்னலைச் சாத்தச் சொல்லி.
அரசரும் மன்றமும் பிரிந்தபோது
ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று
ஆறு வாரம் நின்றார்.
பேரட் நதிக்கரைக்காரர்களுக்கு அது பழக்கம்.
பிறகு ஓக் மரங்களை விற்று
அரசருக்கு இருபது குதிரை அனுப்பத் தயாரானார்.

அந்த இரவே லெட்டிஸின் மூத்தவன் ஜெர்வேஸ்
அவற்றில் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு
எதிர்ப்பக்கம் போனான்.
பத்தொன்பது என்று கணக்கைத் திருத்தினேன்.
பேனாவைப் பிடுங்கி
இருபது என்றே எழுதினார்.

நான்கு வருடம். கடிதமில்லை.

ஆறாவது உருவத்துக்கு வந்ததும்
ஓபடையா உளியை நிறுத்திக் கேட்டான்:
இவனுக்கு மண்டையோடு உண்டா, இல்லையா?
சர் பெவில் வாயைத் திறந்தார். மூடினார்.
மன்றத்தில்கூட அவ்வளவு நேரம் நின்றதில்லை.
கையைச் செதுக்காதே, என்றார்.

கையில்லாததற்கு விலை குறையுமா என்றேன் நான்.
குறையாது என்றான்.

முகம் வந்தது, சுருள்முடி வந்தது,
சரிகைக் கழுத்துப்பட்டை வந்தது.
மணிக்கட்டுக்கு அப்பால் முரட்டுக் கல்.
மழை ஞாயிறுகளில் வேலைக்காரச் சிறுவர்கள்
அதன்மேல் ஈரக் கையுறைகளைக் காயப்போட்டார்கள்.

அரசர் தோற்றார்.
அவர் பக்கம் நின்றவர்களுக்கு அபராதம் போட
லண்டனில் ஒரு குழு.
அதன் தாள் மார்ச்சில் வந்தது,
கொண்டுவந்தவனின் மீன் கூடை நாற்றத்தோடு.
சொத்தில் மூன்றில் ஒரு பங்கு.
கீழே ஆறு கையெழுத்து.

நான்காவதைப் பார்த்ததும்
தாளைச் சன்னலருகே எடுத்துப்போனார்.
முதல் எழுத்தின் வால்
வரிக்கு வெளியே போய்ச் சுருண்டிருந்தது.
அந்த வாலுக்காக எட்டு வயதில் அவனைப்
பிரம்பால் விளாசியவர் இவர்தான்.

"கை நடுங்கவில்லை, பார்" என்றார்.

மூன்றாம் தவணையில் அரசரையே ஏய்த்த மனிதர்
இதற்குப் பேரம் பேசவில்லை.
கீழ்ப்புல்வெளியையும் மாவு ஆலையையும் விற்று
ஒரே தவணையில் கட்டினார்.
பற்றுச்சீட்டை அந்த நான்காமவரே எழுதித் தரவேண்டுமென்று
பணிவாக ஒரு வரி சேர்த்தார்.
வந்த சீட்டு யாரோ ஒரு குமாஸ்தாவுடையது.

செப்டம்பரில் அவரைக் கல்லுக்கடியில் இறக்கினோம்.
நான் கைம்பெண்.
வேண்டினாலும் வேண்டாவிட்டாலும்
இனி சர் ஜெர்வேஸ் அவன்.
சிவந்த கை அவனைத் தேடிப் போய்விட்டது.
அவன் வரவில்லை.

ஓபடையா வந்தான்,
உளியை எண்ணெய்த் துணியில் சுற்றிக்கொண்டு.
"இருப்பது தெரிந்துவிட்டதே, அம்மா.
வெறுங்கையாக விடலாமா?
ஜெபப் புத்தகம் ஒன்றைப் பிடிக்கவைக்கிறேன்,
எட்டு ஷில்லிங்."

பேரேட்டைப் புரட்டினேன்.
இருபது குதிரை.
அவர் அழுத்திய அழுத்தில்
மறுபக்கம்வரை மை ஊறியிருந்தது.

என் முகத்துக்கு நேரே இருந்தது
கல்லில் அந்தக் கட்டி.
பனிக்காலத்துக்குள் முடித்தால்
இன்னும் இரண்டு ஷில்லிங் குறைப்பதாகச் சொன்னான்.

வேண்டாம், ஓபடையா.
அளவெடுக்க ஆள் வரட்டும்.